எதிரில் ஒரு கை

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். "மன்சன் எத்தினி வாட்டி தப்பு பண்ணுவான்னு கணக்கு எடுக்குது எம் பொண்ணு." புளியந்தோப்புக் குடியிருப்பில் எங்கள் மாடிக்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, "அதுக்கு ஆபீசு எதுக்கு மே, எங்க வூட்டுக்காரர் பக்கத்துல ஒரு நாள் குந்தினா போதுமே" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அம்மா சொல்வதில் பிசகு எதுவும் இல்லை.

அணுமின் நிலையம் கட்டுகிறவர்கள் அது எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்தாக வேண்டும். பம்ப் நின்றால் என்ன, வால்வு சிக்கிக்கொண்டால் என்ன, டீசல் இயந்திரம் கிளம்ப மறுத்தால் என்ன. இரும்புக்கும் ரப்பருக்கும் எண்கள் இருக்கின்றன. இந்த மாதிரிப் பம்ப் ஆயிரம் தடவை கூப்பிட்டால் எத்தனை தடவை வராது என்பது வரைக்கும் யாரோ எண்ணி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் நிரப்பிய பிறகு ஓர் இடம் காலியாக நிற்கும். அங்கே ஒரு மனிதன் உட்கார்ந்திருப்பான். அவன் கை தப்பான சுவிட்சுக்குப் போக எத்தனையில் ஒரு வாய்ப்பு? அந்த எண்ணைத் தருவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கே எது வெடித்தாலும் "மனிதத் தவறு" என்று இரண்டே சொல்லில் செய்தியை முடிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த மனிதன், எந்த வெளிச்சத்தில், எத்தனை மணி நேரம் விழித்திருந்தான், அந்த இரண்டு சுவிட்சுகளையும் ஒட்ட ஒட்ட வைத்த புண்ணியவான் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் கேட்பேன். அதனால் ஆபீசில் எனக்கு வாயாடி என்று பெயர்.

விம்கோ நகரில் மூடிப்போன தொழிற்சாலை ஒன்றின் கொட்டகையை எங்கள் நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்தது. வெளியே சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். இரண்டு கதவுகளைத் தாண்டி உள்ளே போனால், எங்கோ இன்னும் கட்டி முடியாத ஒரு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறை, ஒரு திருகாணி குறையாமல் அப்படியே இருக்கும். ப வடிவில் மூன்று பக்கமும் மேசைபோலத் தாழ்வான பேனல்கள், வெளிப்பக்கம் உட்கார்ந்து உள்நோக்கி இயக்க வேண்டும். அணு உலை மட்டும் கிடையாது, அதன் இடத்தில் ஒரு கம்ப்யூட்டர். ஆனாலும் முள் ஏறும், இறங்கும், அலாரம் அலறும், உட்கார்ந்திருப்பவர்களுக்கு நிஜமாகவே வியர்க்கும். முதல் நாள் அதற்குள் ஒவ்வொரு பேனலாகச் சுற்றிச் சுற்றி வந்தேன். இத்தனை விளக்கும் சுவிட்சும் மூன்றே மூன்று பேர் கையில் என்ற நினைப்பே மலைப்பாக இருந்தது. இன்றைக்கும் அந்தக் கதவைத் திறக்கும்போது ஒரு விநாடி நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

பயிற்சிக்கு மூன்று குழுக்கள் வந்தன. ஒரு பக்கச் சுவரில் கறுப்புக் கண்ணாடி. அதற்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அவர்கள் தெரிவார்கள், அவர்கள் கண்ணுக்கு நான் தெரிய மாட்டேன்.

மூன்றாவது குழுவால்தான் எனக்கு வம்பு வந்தது. அதன் தலைமை ஃப்ளோரா. ராயபுரத்துக்காரர், நாற்பது தாண்டியவர், குரலைக் கேட்டாலே முதுகு நிமிரும். ப-வின் இடது பக்கத்தில் சிலுவைமுத்து, வலது பக்கத்தில் வல்லரசு. சிலுவைமுத்துவும் ராயபுரம்தான், அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வல்லரசு வியாசர்பாடி. இருவரும் ஒரே பாலிடெக்னிக், அப்புறம் ஒரே அனல்மின் நிலையம், இப்போது ஒரே குழு. முகம் பார்த்தபடி எதிரும் புதிருமாக உட்காருவார்கள்.

உட்காருவார்கள், வாயைத் திறக்க மாட்டார்கள். அதுதான் வம்பு. கட்டுப்பாட்டு அறையில் ஒரு விதி உண்டு. எதைத் தொடுவதானாலும் அதன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் கை போக வேண்டும். மற்ற இரண்டு குழுக்களும் மீன் ஏலம் நடக்கும் இடத்தைப் போலக் கத்திக் கத்தி வேலை செய்தன. இங்கே ஃப்ளோரா உத்தரவைப் படிப்பார், சுவிட்ச் திரும்பும் ஒரு 'டக்' கேட்கும், அவ்வளவுதான். "வாய்க்கு இன்னா பூட்டா போட்டு வெச்சிகிறீங்க? சொல்லிட்டுத் திருப்புங்கடா" என்று அவர் கத்துவார். இரண்டு தடவை சொல்லுவார்கள். மூன்றாவது தடவை பழைய கதைதான்.

கணக்கில் இது பெரிய ஓட்டை. ஒருவன் செய்வதை இன்னொருவன் சரிபார்க்கவில்லை என்றால், அந்தக் குழு தவறு செய்யும் வாய்ப்பு பல மடங்கு ஏறிவிடும். எங்கள் முறைப்படி அவர்களுக்கு வந்த எண் கண்ணால் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் வாரக்கணக்காகக் கவனித்ததில் அவர்கள் ஒரு சுவிட்சைக்கூடத் தப்பாகத் திருப்பவில்லை. கத்திக் கத்தி வேலை செய்தவர்கள் திருப்பினார்கள்.

"அதிர்ஷ்டம்" என்றார் ரகுபதி. அவர் என் மேலதிகாரி. நல்ல மனிதர்தான், எண்ணைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். "அதிர்ஷ்டத்தை நான் பாதுகாப்பு அறிக்கைல எழுத முடியாது சங்கமித்ரா. சரிபார்ப்பு இல்லாத குழுவை அனுமதிக்கவும் முடியாது. மாசக் கடைசியில உங்க எண் இப்படியே இருந்தா குழுவைக் கலைச்சுடுவோம். சிலுவைமுத்து ஒரு ஷிஃப்ட், வல்லரசு வேற ஷிஃப்ட்."

அவர் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் அவர்களுடைய பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பக்கத்து மேசையில் ரகுபதி போனில் பேசிக்கொண்டிருந்ததால் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டேன். அதுவரை நான் அவர்களைக் காதால்தான் கவனித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் படிவத்தில் 'பேசினார்களா' என்றுதான் கேள்வி. அதனால் பேச்சுக்காகவே காத்திருந்திருக்கிறேன்.

சத்தம் போன பிறகு கைகள் தெரிந்தன. சிலுவைமுத்துவின் கை சுவிட்சுக்குப் போகிறது. தொடவில்லை. ஆள்காட்டி விரல் சுவிட்சுக்குப் பக்கத்தில் பேனல்மேல் உட்காருகிறது. கண் மட்டும் நிமிர்ந்து எதிரே பார்க்கிறது. எதிரே வல்லரசுவின் இடது கை மேசை விளிம்பில் விரிந்து படிந்திருக்கிறது. உடனே சிலுவைமுத்து திருப்புகிறான்.

தற்செயல் என்று நினைத்து ஓட்டினேன். அடுத்த சுவிட்சிலும் அதேதான். இப்போது வல்லரசுவின் முறை, விரல் உட்காருகிறது, கண் நிமிர்கிறது, சிலுவைமுத்துவின் கை மேசையில் படிந்திருக்கிறது. இன்னும் ஓட்டினேன். ஒரு பம்ப் நின்றுபோன பயிற்சியில் சிலுவைமுத்துவின் விரல் பக்கத்துப் பம்ப்பின் சுவிட்சருகே போய் உட்கார்ந்தது. தப்பான சுவிட்ச். கண் நிமிர்ந்தது. எதிரே வல்லரசுவின் உள்ளங்கை மேசையைவிட்டு ஒரு விரற்கடை எழுந்தது. விரல் அங்கிருந்து நகர்ந்து சரியான சுவிட்சுக்குப் போனது. எழுந்த கை படிந்தது. எல்லாம் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கும் நேரத்துக்குள் நடந்துவிட்டது.

பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்தது. ஒரு சுவிட்ச் விடாமல், ஒரு நாள் விடாமல், இரண்டு பேர் ஒருவரையொருவர் சரிபார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நான் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து 'சரிபார்ப்பு இல்லை' என்று டிக் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அது என்னவென்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. புளியந்தோப்பில் பிறந்தவளுக்கு இது தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? கேரம். இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளி பக்கத்தில் இல்லை, எதிரே உட்காருவான். அவனோடு பேசினால் ஃபவுல். சைகை காட்டினாலும் ஃபவுல். ஸ்டிரைக்கரை வைத்து, விரலை ஊன்றி, அடிக்கும் முன்னால் ஒரு கணம் கூட்டாளியைப் பார்ப்போம். அவன் ஒன்றும் காட்ட மாட்டான். ஆனால் நாம் தப்பான காயைக் குறி வைத்திருந்தால் அவன் கை தானாகத் துடிக்கும். அதற்கு எந்த நடுவரும் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் தெருமுனை மன்றத்தில் அண்ணன் பீம்ராவும் நானும் அப்படித்தான் ஆடினோம்.

இருவரையும் டீ குடிக்கும் இடத்தில் பிடித்தேன். நான் கண்டதைச் சொல்லவில்லை. கையைப் பற்றி ஒருவனிடம் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அவன் கையைச் சாதாரணமாக வைக்கவே மாட்டான். "நீங்க ரெண்டு பேரும் கேரம் ஆடுவீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"ராயபுரம் கிளப்ல மேடம். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சா அங்கதான். சின்ன வயசுலேர்ந்து நானும் இவனும் ஜோடி" என்றான் சிலுவைமுத்து.

"இவன் பூசைக்குப் போறதே அங்க போறதுக்குத்தான் மேடம்" என்றான் வல்லரசு.

"பேனல்ல ஒருத்தர் பண்றது சரியான்னு இன்னொருத்தர் எப்படிப் பார்க்கறீங்க?"

இருவர் முகத்திலும் சிரிப்பு போய்விட்டது. சிலுவைமுத்து டீ டம்ளரைக் கீழே வைத்தான். "அத்த நாங்க வாயால சொல்லணும் மேடம், தெரியுது. ஆனா சொன்னா பேஜாரா கீது. கை கொழம்புது. எங்கள பிரிச்சிடுவாங்களா?"

தெரியாது என்றேன். உண்மையில் அவர்களுக்குத் தாங்கள் செய்வதே தெரியவில்லை. அதுதான் என்னை இன்னும் அசத்தியது.

ரகுபதியிடம் பதிவைப் போட்டுக் காட்டினேன். மூன்று முறை பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நான்காவது முறையும் பார்த்தார். "ஆச்சரியமா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா, நம்ம அறிக்கையில பெரிய விபத்து எது?"

அவர் எங்கே வருகிறார் என்று புரிந்தது. "கரன்ட் முழுக்கப் போறது."

"கரன்ட் போனா பேனல்ல மட்டும் பேட்டரி விளக்கு எரியும். எதிர்ல இருக்கறவன் கை தெரியாது. இவங்க எந்த இடத்துல ரொம்பத் தேவையோ, அந்த இடத்துல இந்த வித்தை செத்துப்போயிடும். இருட்டுல பாருங்க. அந்த எண்ணை வெச்சு முடிவெடுப்போம். அவங்க கிட்ட முன்னாடியே சொல்லாதீங்க."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பு இருந்திருக்காது.

பயிற்சி தொடங்கிக் கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு கம்ப்யூட்டர் அந்தக் கற்பனை நிலையத்தின் மின்சாரத்தை வெட்டியது. அறை இருண்டது. கரன்ட் போனால் ஓட வேண்டிய டீசல் இயந்திரங்களும் கிளம்பவில்லை. ப-வின் மூன்று பக்கமும் பேனலை ஒட்டி மங்கலான வெளிச்சக் கோடுகள், நடுவே கும்மிருட்டு. அலாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தன. உலை தானாக நின்றுவிட்டது, ஆனால் நின்ற பிறகும் அதன் சூடு லேசில் அடங்காது. வெளித் தொட்டியிலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்தாக வேண்டும். அதற்கு ஒரு வால்வைத் திறக்க வேண்டும். நாலாம் எண். அதற்குப் பக்கத்திலேயே அஞ்சாம் எண், அதே நிறம், அதே அளவு. அதைத் திறந்தால் தண்ணீர் வேறு குழாயில் போய் வீணாகிவிடும். அந்த இரண்டையும் ஒட்ட ஒட்ட வைத்த புண்ணியவானை நான் ஏற்கனவே ஓர் அறிக்கையில் திட்டியிருக்கிறேன்.

ஃப்ளோரா உத்தரவைப் படித்தார். சிலுவைமுத்துவின் கை வெளிச்சத்துக்குள் வந்தது. விரல் அஞ்சாம் எண்ணுக்கு அருகில் போய் உட்கார்ந்தது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் கை மேசையைவிட்டுத் தானாக எழுந்தது. அதை யார் பார்க்கப்போகிறார்கள்? சிலுவைமுத்து நிமிர்ந்து எதிரே பார்த்தான். எதிரே இருட்டு. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். தண்ணீர் மட்டம் காட்டும் முள் இறங்கிக்கொண்டிருந்தது. திருப்பாதேடா, திருப்பாதே என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். கவனிக்க வந்தவள் கெஞ்சக் கூடாது, அது என் வேலையிலேயே இல்லை, ஆனால் கெஞ்சினேன்.

அவன் திருப்பவில்லை. எதிர்க் கை தெரியாமல் அவனுக்கு அடிக்க வரவில்லை. ஏன் காத்திருக்கிறோம் என்று அவனுக்கே தெரியாமல் காத்திருந்தான். அலாரங்கள் அடித்துக்கொண்டே இருந்தன. அந்த இரைச்சலுக்குள் வல்லரசுவின் குரல் கேட்டது. அதட்டல் இல்லை, அவசரம் இல்லை.

"சிலுவ. 'டக்' வர்லியே."

"இன்னா?"

"சத்தம் வர்லடா. ஒண்ணியும் தெர்ல எனக்கு. எங்க கை வெச்சிகினு கீற? வாயால சொல்லு."

சிலுவைமுத்து தன் விரலுக்கு அடியில் இருந்த பெயரை உரக்கப் படித்தான். "தொட்டி வால்வு, அஞ்..." அவன் குரல் நின்றது. "இல்ல மாமு. இது இல்ல. நாலு. தொட்டி வால்வு நாலு."

"தொட்டி வால்வு நாலு. திருப்பு."

டக்.

கொஞ்ச நேரத்தில் இறங்கிக்கொண்டிருந்த முள் நின்றது, பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே தண்ணீரும் இல்லை, உலையும் இல்லை, முள்ளை ஏற்றியது ஒரு கம்ப்யூட்டர். எல்லாம் தெரிந்தும் அழுதேன். அத்தனை அலாரம் காதைக் கிழிக்கும்போது, வராத ஒரு சத்தம் வல்லரசுவின் காதில் விழுந்திருக்கிறது. பம்ப்புக்கு எண் போடலாம். இதற்கு நான் எந்த எண்ணைப் போடுவேன்?

போட்டேன். அதற்குத்தானே சம்பளம். இன்னும் பல நாள் இருட்டில் வைத்துப் பார்த்தோம். கைச் சரிபார்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டதில், வெளிச்சத்தில் அவர்களுடைய எண் மற்ற இரண்டு குழுக்களைவிடவும் நன்றாக இருந்தது. இருட்டில் மோசமாகத்தான் இருந்தது. தப்பு செய்யவில்லை, தாமதித்தார்கள். அந்த அவசரத்தில் தாமதமும் தப்புதான். இரண்டையும் மறைக்காமல் எழுதினேன். பேட்டரியில் எரியும் இரண்டு சின்ன விளக்குகளை மேசை விளிம்பில் கை படும் இடத்துக்கு மேலே மாட்டச் சொல்லியும், இருட்டினால் கட்டாயம் வாயால் சொல்லும் பழக்கத்தை அந்த இருவருக்கும் ஃப்ளோரா ஏற்படுத்த வேண்டும் என்றும், குழுவைக் கலைப்பது இருக்கிற ஒரு பாதுகாப்பைக் கழற்றி எறிவதாகும் என்றும் எழுதினேன். வாயாடி என்ற பெயருக்குக் குறைவில்லாமல் எழுதினேன்.

விளக்குகளை மாட்டி ஒரு முறை பார்த்துவிடலாம் என்றார் ரகுபதி. கண்ணாடிக்குப் பின்னால் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். அறை இருண்டது. அந்தக் கும்மிருட்டில் முகங்கள் தெரியவில்லை. நாலு கைகள் மட்டும் தெரிந்தன. ஒரு விரல் உட்கார்ந்தது. எதிரே ஒரு கை படிந்திருந்தது. "தொட்டி வால்வு நாலு" என்றது ஒரு குரல், "தொட்டி வால்வு நாலு" என்றது எதிர்க்குரல். டக். ரகுபதி கறுப்புக் கண்ணாடியை ஒட்டிக் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "கோயில்ல இருக்கற மாதிரி இருக்கு" என்றார். கோயிலுக்குப் போகிற மனிதர் இல்லை அவர்.

"கலைக்க வேண்டாம்னு நானே எழுதித் தரேன்" என்றார் வெளியே வந்ததும். "ஆனா பாதுகாப்புக் கமிட்டி கையெழுத்துப் போடற வரைக்கும் நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. உங்க வாய் எனக்குத் தெரியும்."

சத்தியமாகப் பேச மாட்டேன் என்றேன்.

சாயங்காலம் கிளம்பும்போது இருவரும் டீ மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தார்கள். உட்காரச் சொல்லிவிட்டு நானும் எதிரே உட்கார்ந்தேன். வெளியே லாரி ஹாரன்கள் ஓயவில்லை. வல்லரசு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிலுவைமுத்து டம்ளருக்குப் பக்கத்தில் ஆள்காட்டி விரலை ஊன்றியபடி என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"மேடம். நானும் இவனும் ஒண்ணாவே ஆடலாமா?"

நான் வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கு வாக்குதான். என் இடது கையை மேசை விளிம்பில் விரித்து வைத்தேன். அது படிந்து கிடந்தது.

அவன் அந்தக் கையை ஒரு கணம் பார்த்தான். தோள் தளர்ந்தது. வாரக்கணக்காக அடக்கி வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

"வாடா மாமு, போலாம்" என்றான் வல்லரசுவிடம். "ஒண்ணும் இல்ல, எல்லாம் சரியாத்தான் கீது."

"யார்ரா சொன்னது?" என்றான் வல்லரசு.

சிலுவைமுத்து யோசித்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான்.

"தெர்லடா" என்றான். சிரித்துக்கொண்டே டம்ளரை எடுத்துக் குடித்தான்.